திருகாணியில் ஒரு சுற்று

சுற்றிலும் தேயிலை. ஆனாலும் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் அப்பாவின் கடைக்கு வந்தவர்கள் கேட்டதென்னவோ காப்பித்தூள். இந்த வேடிக்கையெல்லாம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. என் புத்தி முழுக்கக் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் திருகாணியில் இருந்தது. எனக்கு எட்டு வயது, கை சும்மா இருக்காது.

கடையின் பின்கட்டில் அத்தைதான் அரைப்பார். அப்பாவின் தங்கை, கணவரை இழந்து எங்களோடு இருந்தார். வீட்டு விசேஷம் எதற்கும் முன்னே வராதவர், அந்த இயந்திரத்தின் முன்னால் மட்டும் ராணி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லயத்துக்காரர்கள் பானையில் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். அவர்களுக்கு மாவு போல. பித்தளை ஃபில்டர் வைத்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு ரவை போல. துரை பங்களாவில் வெந்நீர் தானாகப் பொங்கி ஏறித் தூளின் மேல் வழிகிற ஒரு கெட்டிலாம். அதற்குக் குருணை போல. கொட்டை ஒன்றுதானே, தூள் ஏன் மூன்று?

"ஓட்டைக்குத் தகுந்த தூளுடி" என்பார் அத்தை.

எனக்கு அது போதவில்லை. ஒருநாள் அவர் அடுப்படிக்குப் போன நேரம், திருகாணியை ஒரு சுற்று இறுக்கி, பங்களாக் கொட்டையில் மிச்சத்தை நானே அரைத்தேன். அடடா, மாவாகவே விழுந்தது! பயத்தில் அதை டப்பாவின் அடியில் தள்ளி, அத்தை அரைத்த குருணையை மேலே பரப்பிவிட்டேன்.

மறுநாள் பங்களாச் சமையல்காரர் மூச்சிரைக்க வந்தார். "மொதலாளி, தூள ஜாடியில கவுத்துப் போட்டேன். காப்பி பூரா சேறுன்னு தொர கோப்பையத் தூக்கி எறிஞ்சிட்டாருங்க. இன்னொருக்கா இப்படின்னா வேல இல்லேன்னு எனக்குப் பத்துச்சீட்டுக் குடுத்து வெரட்டிருவாரு."

அப்பா பின்கட்டுக்குப் பாய்ந்து வந்தார். "யாரு திருகாணியத் தொட்டது?"

நானோ அடுத்த சோதனைக்காக அதன் பக்கத்திலேயே நின்றிருந்தேன், விரலெல்லாம் எண்ணெய்க் கறை. அத்தை என் கையைப் பிடித்து, தன் வெள்ளைச் சேலை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். பிறகு சொன்னார்: "நாந்தாண்ணே. மறதியில திருகிட்டேன்."

"இனிமே நீ இதத் தொடவே வேணாம்."

இயந்திரம் முன்கடைக்குப் போனது, அப்பாவே அரைத்தார். அத்தைக்கு அடுப்படிதான் மிச்சம். முன்னால் அரைக்கும் சத்தம் கேட்டால் அவர் கை நின்றுவிடும். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

எனக்கானால் ஒரே கொண்டாட்டம். திருகியது தான்தான் என்று அத்தை நிஜமாகவே நம்பிவிட்டாரே, நான் பிழைத்தேன்! வீடே அவரை மறதிக்காரி என்று கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். என் பாவாடை அழுக்காகிவிடக் கூடாதே என்றுதான் அன்று கையைத் துடைத்துவிட்டார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.