தோட்டத்துக் கல் பாலத்துக்குப் போனது

மலையில் பேத்துப்பாறை ஊருக்குக் கீழே இருக்கும் எங்கள் தெருவிலிருந்து வெளியே போக ஒரே வழி, ஓடைப் பாலம். இரண்டு நாள் மழையில் பாலம் அசையவில்லை. அதைச் சாலையோடு சேர்க்கும் மண்கரையைத்தான் வெள்ளம் அடியில் அரித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை ஜீப்பில் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். மறுநாள் போகவேண்டிய முறை. கரை போனால் அவருக்கு வழியில்லை.

"போனா போகட்டும் விடு. எனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார், போர்வைக்குள்ளிருந்து.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் கொழுந்தனும் தெரு ஆட்களும் வெள்ளனே வந்து வேலையில்தான் இருந்தார்கள். என்ன வேலை தெரியுமா? பூண்டு மூட்டை கட்டும் வலைச்சாக்கில் மண்ணை அள்ளிப் போட்டுக் கரையோரம் அடுக்குகிறார்கள்! பூண்டைத் தவிர வேறெதையும் மூட்டை கட்டியறியாத கைகள். தண்ணீர் பட்டதும் மண்ணெல்லாம் ஓட்டை வழியாக ஓடிப்போய், வெறும் சாக்கு மிதந்தது.

"ஏலே, புத்தி கெட்டுப்போச்சா? ஆத்துல கரைச்ச புளியாட்டம் இருக்கு உங்க சோலி!"

"வேற என்னத்த மதினி செய்ய? வீட்டுல இதுதான கெடக்கு" என்றான் கொழுந்தன்.

"மண்ணை விட்டுட்டு கல்லைப் போடுங்கலே!"

"கல்லுக்கு எங்க போக?"

ஓடைக் கல்லெல்லாம் வெள்ளத்துக்கு அடியில். சாலைக்கு மேலே எங்கள் பூண்டுத் தோட்டத்தின் கல்கட்டு நின்றது. சரிவில் மண் சரியாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். தெம்பிருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் தனியாளாக அடுக்கியது. அதைப் பிரிக்கச் சொன்னேன்.

"அண்ணன் கொன்னேபோடுவாரு மதினி."

"உசுரோட இருந்து கொல்லட்டும். நீ பிரி."

பெரிய கல்லை அடியில் உருட்டினோம். சின்னக் கல்லை வலைச்சாக்கில் இறுக்கிக் கட்டி மேலே அடுக்கினோம். தண்ணீர் சாக்குக்குள் புகுந்து வெளியேறியது, கல் நகரவில்லை. சாயங்காலம் மழை விட்டு வானம் வெறித்தபோது கரை நின்றது. எங்கள் மேல்பாத்திதான் நட்ட பூண்டோடு சரிந்து சாலையோரத்தில் கிடந்தது. விஷயம் தெரிந்ததும் அவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஜீப் கரையில் ஏறும்போது, "நிப்பாட்டுப்பா" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"இதெல்லாம் ஒரு அடுக்கா? ஒரு கல்லாவது இன்னொண்ணைக் கடிச்சு நிக்குதா? அடுத்த மழைக்குத் தாங்காது."

"திரும்பி வந்து நீங்களே பக்கத்துல நின்னு மாத்தி வைக்கச் சொல்லுங்க. யாரு வேணாம்னா?"

கல்லை விட்டுக் கண்ணெடுக்காமலே ஓட்டுநரின் தோளைத் தட்டினார்.

"வெரசா போப்பா. வெளிச்சம் இருக்கப்பவே திரும்பணும்."