யின்முவுக்கு மூணு பேர் வேணும்

சொந்த ஊரை விட்டு மல்காஜ்கிரிக்குக் குடிவந்து ரெண்டு வருஷமாச்சு. மாடி வீட்டு ஃபுன்மியோட இன்னைக்குத்தான் முதல்முறையா உட்கார்ந்து பேசினேன்.

நைஜீரியாவுலேர்ந்து வந்து ஆராய்ச்சி படிக்கிறா. அவ தாய்மொழி யோருபாவுல முக பாவனைகளுக்கு இருக்கிற சொற்களை இங்கிலீஷுக்குக் கொண்டுபோகணும். 'யின்மு'ங்கிற ஒரே சொல்லோட ஒரு வாரமா மல்லுக்கட்டுறாளாம்.

"செஞ்சு காட்டேன்"னு கேட்டேன்.

மூக்கைச் சுருக்கி உதட்டைக் கோணினா. அப்படியே எங்க சாந்தி அத்தை!

"நாங்க இதை நொடிக்கிறதுன்னு சொல்வோம். ஏளனம்னு எழுதிட்டுப் போயேன்."

"ஏளனத்துக்கு ரெண்டு பேர் போதும். இதுக்கு மூணு பேர் வேணும். ஒருத்தர் பெருமையடிக்கணும். இன்னொருத்தர் அவருக்குத் தெரியாம இப்படிச் செய்யணும். அதைப் பார்த்துட்டு சிரிப்பை அடக்க முடியாம ஒருத்தர் தவிக்கணும்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்த ஊருக்கு வந்து ஒரு தடவைகூட நான் செஞ்சதில்லை"ன்னா.

சாயங்காலம் ஆன்லைன் மீட்டிங். மேனேஜர் வழக்கம்போல தன் புராணத்தை ஆரம்பிச்சார். கேமராவை அணைச்சிட்டு, பக்கத்துல திரும்பி, அத்தை மாதிரியே நொடிச்சேன்.

சுவர் சிரிக்கவே இல்லை.

நீங்க நொடிச்சா சிரிக்க, பக்கத்துல யாருங்க இருக்கா?