மாமா கை கட்டியிருந்த மழைக்காலம்

என் மாமனார் பரந்தாமனுக்குக் கை சும்மா இருக்காது. மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவு கிரீச்சிட்டாலும் அவர் காதில்தான் முதலில் விழும். யாரும் கூப்பிடாமலே போய் எண்ணெய் விட்டுவிட்டு வருவார். கழனிக்கு மடை திறக்கப் போனவர், பக்கத்துக் கழனிக்காரனின் ஏற்றத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மாமியார் இறந்த வாரம், துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் இருக்கும்போதே, அடுப்பங்கரையில் ஒரு பலகை அடித்தாராம். அவள் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பலகை அது.

மாமனார் ஆவதற்கு முன்பே அவர் எனக்குத் தாய்மாமன். அவர் தங்கையைத்தான் என் அப்பா உலகநாதன் கட்டியிருந்தார். அந்த மழைக்காலத்தில் என் அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. அப்பா தெருக்கோடியில் தனியாக இருந்தார். மணல் வண்டி ஓட்டினார். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடியில் பட்டாளத்துக்கு வரிசையாகக் கொட்டகை போட்டார்கள். வண்டிக்கு ஓய்வே இல்லை. என் வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை செய்தார். ஆறு நாளும் அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வருவார். எனவே பகலில் வீட்டில் நானும் மாமாவும், சாப்பாட்டு நேரத்துக்கு அப்பாவும்.

சாப்பாட்டை விட அவர்களுக்குப் பேச்சுதான் முக்கியம். அதுவும் அந்த வருஷம் பேச்சு முழுக்க எங்கள் வீட்டு உத்தரத்தைப் பற்றித்தான்.

"இன்னா மச்சான், ஏரியில குடி போயிட்டியா? உள்ள வந்தா கணுக்கால் நனையுது," என்பார் அப்பா.

"நனையட்டும் மாப்ளே. நீ குளிச்சி ஒரு வாரம் ஆவுது."

"அந்த உத்தரத்தப் பாரு. உன் முதுகு மாதிரி தொங்கினு கீது."

"என் முதுகு நேராத்தான் கீது. ஊட்ல உன் பொண்ணு புள்ளதாச்சி, மறந்துட்டியா? நான் ஒரு ஆணி கூட அடிக்க மாட்டேன்."

"நீ அடிக்காத. நான் அடிக்கிறேன். நான் இந்த ஊட்டு ஆளு இல்லியே."

"ஐயா சட்டம் பேசறாரு! என் தங்கச்சி உன் ஊட்ல எத்தினி வருசம் ஒழுகலுக்கு சட்டி வெச்சா? அப்போ எங்க போச்சி இந்தக் கை?"

"அவ இருந்தா, சட்டி வெச்சா. உன் ஊட்ல நீயே சட்டி."

இப்படிப் போகும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பள்ளம் தோண்டக் கூடாது, கூரை பிரிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் அவசரம் வந்தால் அதற்கு ஏதாவது வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். மாமா இம்மியும் அசையவில்லை. நான் உண்டாகியிருப்பது தெரிந்த அன்றே கடப்பாரை, சுத்தி, உளி எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டி அப்பா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். கையில் இருந்தால் அடித்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு.

அதற்கு முன் இரண்டு தடவை எனக்குத் தங்கவில்லை. முதல் தடவை, நான் உண்டாகியிருப்பது தெரியாமல் அவர் வாசல் நிலையைப் பெயர்த்துப் புதிதாக வைத்தார். இரண்டாவது தடவை தெரிந்திருந்தும், சந்தோஷத்தில், தொட்டில் கட்ட உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்தார். அந்த வாரமே போய்விட்டது. என்னைப் பார்க்க வந்த அவருடைய அக்கா வேம்புலியம்மாள் என் காதில் விழும்படியே சொன்னாள்: "இன்னொருவாட்டி இப்டி ஆச்சினா என் நாத்தனார் பொண்ணு கீறா. உன் புள்ளைக்குப் பேசி முடிச்சிடுவேன்." மாமா அன்றைக்குப் பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் மறக்கவில்லை.

மூன்றாவதும் போய்விட்டிருந்தது.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை. மாமா கழனியில் இருந்தார், அப்பா ஆவடியில். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நான் தனியாக இருந்தேன். முடிந்ததும் நானே மண்ணைத் தள்ளி மூடினேன். சாயங்காலம் அவர்கள் வந்தபோது சோறு வடித்து வைத்திருந்தேன். "மொகம் வெளுத்துக் கீது, கொஞ்சம் படு பொண்ணே," என்றார் மாமா. படுத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். புரட்டாசி முழுக்கப் புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை விடாமல் பிடித்தது. மேற்குப் பக்கத்து மண் சுவர் குடித்துக் குடித்துக் கறுத்தது. அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த உத்தரத்தின் முனையைக் கரையான் தின்றிருந்தது. அதன் நேர் கீழேதான் மாமாவின் பாய். உள் அறை ஒன்றுதான் ஒழுகாத இடம்.

"மாமா, நீங்க உள்ள வந்து படுங்க," என்றேன் ஒரு நாள். அவரிடம் நானாக எதையும் சொல்லுகிறவள் இல்லை.

"காஞ்ச இடம் அது ஒண்ணுதான் கீது. அது புள்ளைக்கு," என்று சிரித்தார்.

நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். இல்லாத பிள்ளைக்காக ஒரு மனிதர் விழப்போகிற மரத்தின் கீழே படுத்திருக்கிறார். அது எனக்கு மட்டும் தெரியும். அப்பாவும் அவரும் சிரிக்கும்போதெல்லாம் என் கை உலையில் அரிசி போடாமல் நின்றுவிடும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அப்பா ஒரு யோசனையோடு வந்தார். கொல்லையில் ஒரு பனங்கட்டை கிடந்தது. அதை உத்தரத்துக்கு முட்டு கொடுக்கலாம். பள்ளம் தோண்டி நட்டால்தானே குற்றம்? உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நிறுத்திவிடலாம்.

"தோண்டல, அடிக்கல. நிக்க வெக்கறோம், அவ்ளோதான்," என்றார் அப்பா.

"புள்ள உள்ளார பாத்துகினு இருக்கும்யா."

"பாக்கட்டும். தாத்தன் எவ்ளோ கெட்டிக்காரன்னு தெரிஞ்சிக்கட்டும்."

வெகுநேரம் வாதாடிவிட்டு மாமா ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். மதியம் வரை நின்றது. மாமா தண்ணீர் குடிக்க எழுந்து இரண்டு எட்டு வைத்திருப்பார். ஈரத் தரையில் உரல் வழுக்கி, கட்டை அவர் தலை வைத்திருந்த இடத்தில் வந்து விழுந்தது.

பிறகு அப்பாதான் ஆரம்பித்தார். "எமன் வந்து எட்டிப் பாத்துட்டு, இந்த மூஞ்சியான்னு திரும்பிப் போயிட்டான் மச்சான்."

"போறப்போ உன் ஊட்டுக்கு வழி கேட்டான். தெருக்கோடின்னு சொல்லிக்கீறேன்."

சிரித்தார்கள். அப்பா கட்டையை உருட்டிக்கொண்டுபோய்க் கொல்லையில் தள்ளிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்து பார்த்தபோது உத்தரம் நான்கு விரல் இறங்கியிருந்தது. மூன்று ஓடுகள் கீழே விழுந்து உடைந்திருந்தன. சுவரிலிருந்து செம்மண் கரைந்து கோடாக ஓடிவந்தது. அப்பா அன்றைக்கு வண்டி பூட்டவில்லை.

"மச்சான், போதும். மூணு பேரும் என் ஊட்டுக்கு வந்துடுங்க."

"புள்ளதாச்சி ஊடு மாறக் கூடாது."

"அப்போ நீயாச்சும் வா."

"அவளத் தனியா உட்டுட்டா? போய்யா." மாமா குரலைத் தாழ்த்தவில்லை. "நாளைக்கு வேற அக்கா வருது. வளையல் எடுத்துகினு வருதாம். எல்லாம் நல்லபடியா கீற நேரத்துல நான் கை வெச்சிக் கெடுக்க மாட்டேன் மாப்ளே. ரெண்டு தபா கெடுத்தது போதும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ரெண்டு தபா கெடுத்தது. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பின்வாசல் வழியாக இறங்கி மழையில் நடந்தேன். அப்பா வீட்டுக் கதவைத் திறந்து, கோணியை அவிழ்த்து, கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்தேன். கனத்தது. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வாசலிலிருந்து, "ஏ தாட்சாயிணி! புள்ளதாச்சி கடப்பார தூக்கிகினு இன்னாடி பண்றே?" என்று கத்தினாள். தெருவில் தலை நிமிர்ந்து நடக்காதவள் நான். அன்றைக்கும் நிமிரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை.

உள்ளே போனதும் உத்தரத்துக்கு நேர் கீழே, மாமாவின் பாயைக் காலால் தள்ளிவிட்டு, ஓங்கிக் குத்தினேன்.

"ஏய்! ஏய்! உடு பொண்ணே!" மாமா பாய்ந்து வந்தார்.

"பைத்தியம் புடிச்சிட்சா உனக்கு?" அப்பா எழுந்துவிட்டார்.

நான் இரண்டாவது தடவை குத்தினேன். மூன்றாவதும் குத்தினேன். மாமா கடப்பாரையின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. எங்கள் இருவர் கையிலும் அது இழுபட்டுக்கொண்டு நின்றது. அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. இரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"தோண்டலாம் மாமா. இப்போ தோண்டலாம்."

அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எப்போ?" என்று கேட்டார் மாமா.

"ஆவணியில."

மாமா கடப்பாரையை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். "நான் ஒண்ணும் தொடலியே," என்றார். அப்பா பக்கம் திரும்பினார். "மாப்ளே, நான் ஒரு ஆணி கூட அடிக்கலியே."

"இல்ல மச்சான். நீ எதையும் தொடல."

"அப்போ அந்த நெலை... அந்தக் கொக்கி..."

அவர் முகத்தில் வந்து போனதை நான் எப்படி எழுதுவது? துக்கம்தான். ஆனால் தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கியவர் போலவும் இருந்தார். உடனே அதற்கு வெட்கப்பட்டவர் போல என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

அப்போது மேலே ஒரு சத்தம். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

மாமா என் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார். நான்கு மாதமாகக் கட்டிப்போட்டிருந்த கைகள் அவை. மண் வாசல் வரை பறந்தது. அப்பா பனங்கட்டையை உருட்டி வந்தார். நான் கொல்லையிலிருந்து கருங்கல் சுமந்தேன். தூக்காதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கட்டையைப் பள்ளத்தில் இறக்கி நிமிர்த்தும்போது அது அரைச் சாண் தள்ளிப் போய்விட்டது. "தள்ளு மாப்ளே, இந்தாண்ட! இந்தாண்ட!" அப்பா தோளைக் கொடுத்தார். மாமா கட்டையின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே மரச்சக்கையை ஆப்பாக வைத்துக் கடப்பாரையால் அடித்தார். நாலாவது அடியில் சக்கை இறுகியது. நான் அடியில் கல்லைப் போட்டு மிதித்துக்கொண்டிருக்கும்போதே மேற்குச் சுவரின் மேல்பாதி வெளிப்பக்கமாகச் சரிந்தது. ஓடுகள் மடமடவென்று போயின. மழை நேராக உள்ளே அடித்தது.

உத்தரம் முட்டின் மேல் நின்றது.

வெகுநேரம் நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் இருந்த இடத்தில் இப்போது ஏரிக்கரை தெரிந்தது.

"நல்லா காத்து வரும்," என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. வேம்புலியம்மாள் நாளைக்கு வருவாள். மாமா மழையிலேயே கை கழுவிவிட்டு வந்தார்.

"மாப்ளே, வண்டியப் பூட்டிகினு கரையான்சாவடி போ. அக்கா வர வேணாம்னு சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

"நடந்தத சொல்லு. பொண்ணு மாத்தற பேச்சு இனிமே இந்த ஊட்ல வேணாம்னு சொல்லு. போன தபா தப்பு எம்மேல கீதுன்னு வாய மூடிகினு இருந்தேன். இப்போ அப்டி இல்ல. அதையும் சொல்லு."

"அத்த நான் சொன்னா உன் அக்கா என் காதத் திருகிடும்."

"திருகட்டும். ரெண்டு காது எதுக்கு வெச்சிகினு கீறே?"

அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். போகும்போது என் தலையில் ஒரு தடவை கையை வைத்தார்.

மாமா ஒரு கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார். மகன் ரயிலை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"நான் சொல்லிக்கிறேன். நீ அவனுக்கு ஒண்ணும் சொல்லத் தேவையில்ல," என்றார். இரண்டு படி இறங்கி நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "சாப்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமாவும் மகனும் திரும்பி வந்தார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கால் கழுவினார். உள்ளே வந்து சுவர் இல்லாத பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தூணோடு தூணாக நின்றிருந்தேன்.

"ரொம்ப வலிச்சிதா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பாவின் வண்டி வந்து நின்றது. மாமா குரல் கொடுத்தார்: "இன்னா மாப்ளே, காது கீதா?"

"ஒண்ணு கீது," என்றார் அப்பா இருட்டிலிருந்து. "சொல்லிட்டேன். அழுதுட்சி உன் அக்கா. நாளைக்கி வருதாம். வளையல் எடுத்துகினு இல்ல, சும்மா பாக்க."