வெயிட்டு முன்னே, ஓட்டம் பின்னே

ஜிம்முக்குள் நுழைந்ததும் கன்னியப்பன் டிரெட்மில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சட்டையைக் கழற்றுவார். கழற்றியதை மடித்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, தரையில் கிடக்கும் இரும்புக் கம்பியைக் காலால் ஒரு தள்ளு தள்ளி உருட்டிப் பார்ப்பார். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் அதன் முதுகைத் தட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும். அப்புறம் குனிந்து தூக்கிவிடுவார். முஸ்தீபு எதுவும் கிடையாது.

“அங்கிள், அஞ்சு நிமிஷம் நடந்துட்டு வந்து தூக்குங்களேன்” என்று பயிற்சியாளர் ஜீவா தினமும் சொல்வார். ஜீவா உடற்கல்வி படித்தவர், பொறுமைசாலி. கன்னியப்பனுக்கு முதல் கோபம் ‘அங்கிள்’ மீது. இரண்டாவது கோபம் அந்த ஐந்து நிமிஷத்தின் மீது.

“சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் உடச் சொல்றியாப்பா? மொதல்ல வெயிட்டு. அப்புறம் ஓட்டம். அதான் மொற.”

இந்த ‘மொற’ அவர் வாயில் நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும் சொல். கல்யாண வீட்டுக்குப் போனால் மேடையேறி மணமக்களைப் பார்த்த பிறகுதான் பந்திக்குப் போவார். அதற்குள் பந்தியில் வாளி காலியாகிவிட்டால் மோர்சாதம் போதும் என்பார். பல் துலக்குவதற்கு முன் காப்பி குடித்த தன் மருமகனை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை. மனைவி சௌந்தரம் மட்டும்தான் அவரை எதிர்த்துப் பேசுவார். “மொற மொறன்னு இந்த மனுசன் எமன் வந்தாக்கூட வரிசையில நில்லுன்னு சொல்வாரு.”

அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் டிரம் ஆபரேட்டர். இரண்டு ஆள் உயர மர உருளைகளுக்குள் ஆட்டுத்தோலைப் போட்டு, தண்ணீரும் மருந்தும் விட்டுச் சுழற்றும் வேலை. நகக்கண்களில் லேசான நீலம் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. எந்தச் சோப்புக்கும் அது மசிவதில்லை.

முறை என்கிற பைத்தியம் அவரைப் பிடித்ததும் அந்த டிரம்மில்தான். தோலுக்குக் குரோம் என்கிற நீல மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் அதைப் புரட்டி எடுப்பார்கள். உப்பு முதலில் போக வேண்டும், ஆசிட் பின்னால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்னியப்பன் ஏதோ ஞாபகத்தில் ஆசிட்டை முதலில் ஊற்றிவிட்டார். டிரம் கதவைத் திறந்து பார்த்தால் தோல்கள் உப்பி ஊதிக் கிடந்தன. மேஸ்திரி அன்றைக்குப் பேசிய பேச்சை எந்தப் பத்திரிகையிலும் அச்சிட முடியாது. அன்று முதல் உலகத்தில் எதைப் பார்த்தாலும் எது உப்பு, எது ஆசிட் என்று பிரித்துவிடுவது அவர் வழக்கமாயிற்று. உடற்பயிற்சியில் வெயிட்டுதான் உப்பு. ஓட்டம் ஆசிட். மாற்றிப் போட்டால் சதை ஊதிக் கெட்டுப்போகும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. மனித உடம்பு ஆட்டுத்தோல் இல்லையே என்று யாராவது கேட்டால், “அப்போ இது இன்னா தோலு?” என்று தன் கையைக் கிள்ளிக் காட்டுவார்.

கெட்டுப்போன அந்தத் தோல்களால் அவருக்கு ஒரு நன்மையும் நடந்தது. தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கும் மேசையில் வாஹித் பாஷா என்றொருவர் நின்றிருந்தார். கன்னியப்பனை விட ஒரு வயது மூத்தவர், மெலிந்த உடம்பு, மீசை இல்லாத தாடி. வேலை முடிந்ததும் அவர் கேட்டருகே காத்திருந்து, “ஒன் லாட்டுக்கு ரிஜெக்டு போட்டது நான்தான். என் மேல கோவம் இருந்தா டீ குடிச்சிகினே திட்டு” என்றார். கன்னியப்பன் டீயைக் குடித்தார். திட்டத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் ஒரே கொட்டகைக்கு உடற்பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அந்தக் கொட்டகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கன்னியப்பன் இன்றைக்கும் டியூட்டியை மறந்துவிடுவார். பாலாற்றங்கரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம். ஓரங்களில் கர்லாக்கட்டைகள். நடுவில் பழைய டிரம்மிலிருந்து கழற்றிய தண்டு ஒன்றுதான் கம்பி, அதன் இரண்டு பக்கமும் பல்சக்கரங்கள்தான் எடை. தூக்கும்போது கிரீஸ் நாற்றம் வரும். வெளியே வந்தால் ஆறு. தண்ணீர் அப்போதும் எப்போதாவதுதான் வந்தது, ஆனால் மணல் இருந்தது. வெறுங்காலில் ஓடினால் கணுக்கால் வரை உள்வாங்கி, மெல்ல விடுகிற மணல். இப்போது அங்கே பள்ளமும் முள்ளும்தான் மிச்சம். கொட்டகை இருந்த இடத்தில் கம்பெனி வேன்கள் நிற்கின்றன.

அங்கே கன்னியப்பன் வெயிட்டு முடித்துவிட்டு ஓடப் போவார். வாஹித் பாஷா ஓடிவிட்டு வந்து வெயிட்டு தூக்குவார். ஆக, சேர்ந்து போன இருவரும் சேர்ந்து எதையும் செய்ததில்லை. அவர் திரும்ப, இவர் கிளம்ப, நடுவில் கைப்பம்பு அடியில் சந்திப்பார்கள். ஒருவர் அடிக்க மற்றவர் முகம் கழுவ, அங்கேதான் சண்டை.

“பந்திக்கு முந்துனாலும் கையக் கழுவிட்டுதான்டா ஒக்காரணும். ஒடம்பு சூடாவாம இரும்பத் தொடலாமா?” என்பார் வாஹித் பாஷா.

“ஓடிக் களைச்சவன் இன்னாத்த தூக்குவான் பாய்? தெம்பு இருக்கும்போதே தூக்கிடணும்” என்பார் கன்னியப்பன்.

ஐந்து நிமிஷச் சண்டை அரைமணி ஆகும். இடையில் போனஸ், பெண் பார்த்தது, பிள்ளைக்கு ஜுரம், டேனரியில் கதவடைப்பு எல்லாம் வந்துபோகும். இருவர் தலையும் நரைத்தது அந்தப் பம்பு அடியில்தான் என்று சொன்னால் பொய்யில்லை.

கொட்டகை போன பிறகு, ஷூ கம்பெனிகளுக்கு சோலும் பசையும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த ஜிம்முக்கு வந்தார்கள். மூச்சை இழுத்தால் பாதி காற்று, பாதி பசை நெடி. இங்கே எத்தனையோ கம்பிகள் இருந்தும் பழைய ஏற்பாடு மாறவில்லை. வாஹித் பாஷா முதலில் டிரெட்மில்லில் ஓடுவார். கன்னியப்பன் அதில் கால் வைத்ததே இல்லை. “நின்ன எடத்துலயே ஓடறதுக்கு நான் இன்னா தையல் மெஷினா?” வெயிட்டு முடிந்ததும் தெருவில் இறங்கி ரயில்வே கேட் வரை ஓடிவிட்டு வருவார். கைப்பம்புக்குப் பதில் தண்ணீர் கேன். சண்டை அதே சண்டை.

ஒருநாள் ஜீவாவைப் பிடித்துத் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, “ஒங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க. பலம்தான் வேணும்னா வெயிட் மொதல்ல. மூச்சு தாங்கணும்னா ஓட்டம் மொதல்ல. ரெண்டும் ஓரளவுக்குப் போதும்னா, எது முன்னால வந்தாலும் ஜாஸ்தி வித்தியாசம் இல்ல” என்றார். பலம் பற்றிச் சொன்னதைக் கன்னியப்பன் எடுத்துக்கொண்டார், மூச்சு பற்றிச் சொன்னதை வாஹித் பாஷா எடுத்துக்கொண்டார். கடைசி வாக்கியம் இருவர் காதிலும் விழவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு இருவருமே பதில் சொல்லவில்லை என்பதை ஜீவா மட்டும் கவனித்தார்.

போன ஆடியில் வாஹித் பாஷாவுக்கு மேசையருகே நிற்கும்போதே மூச்சு முட்டியது. வேலூருக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கன்னியப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். சௌந்தரம் கொடுத்தனுப்பிய சோற்றைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு பார்க்கப் போனவர், கட்டிலில் பாதியாகிக் கிடந்த ஆளைக் கண்டதும் பயந்துபோனார். பயத்தில் அவர் வாயில் வந்தது இதுதான்:

“ஓட்டம் மொதல்ல, ஓட்டம் மொதல்லன்னு ஓடுனியே. பாத்தியா, நெஞ்சு இன்னா பண்ணுதுன்னு?”

பக்கத்தில் நின்ற மகன் உசாமாவின் முகம் சுருங்கியது. வாஹித் பாஷா சிரிக்கப் பார்த்து, தையல் வலித்ததால் நிறுத்திக்கொண்டார்.

“கொட்டாயில எத்தினி கம்பிடா இருந்துச்சு?”

“ஒண்ணு.”

“நான் உள்ள வர்றதுக்குள்ள அத்த நீ புடிச்சிகினு நிப்ப. நீ உட்டாதான நான் தூக்க முடியும்? அதுவரைக்கும் ஒன் மூஞ்சியப் பாத்துகினு ஒக்காரச் சொல்றியா? அதான் ஆத்துல ஒரு ஓட்டம் ஓடிட்டு வருவேன். அப்புறம் அதுவே பழகிடுச்சு.”

“பின்ன எதுக்கு இத்தினி வருசமா சண்ட போட்ட?”

“நீ சண்டைக்கு வந்த. தோஸ்த் கூப்புட்டா போட வேணாமா?”

கன்னியப்பன் எழுந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கொட்டகை கண்ணிலேயே நின்றது. கம்பியை வைத்துக்கொண்டு தான் நின்றதும், வாசலில் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் போகும் மெலிந்த முதுகும். ‘இன்னிக்கு நீ மொதல்ல தூக்கறியா பாய்?’ என்று ஒருநாள் கூடக் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. மேம்பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாஹித் பாஷா தினமும் நடந்தே ஆக வேண்டும், எடையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் நாயும் லாரியும் இருப்பதால் உசாமா தகப்பனைக் காலையில் பைக்கில் கொண்டுவந்து ஜிம்மில் விட்டார். முதல் நாள் வாஹித் பாஷா டிரெட்மில்லில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு இறங்கினார். மறுநாள் அதிலும் பாதி. அதற்கடுத்த நாள் மெஷின் மேல் ஏறாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

“பேஜாரா இருக்குதுடா. மேல ஏறி நின்னா நெஞ்சு அடிக்கற சத்தம் காதுல கேக்குது. அடுத்த அடி வெக்கறதுக்குள்ள நின்னுடும் போல இருக்குது.”

அன்று படிக்கட்டில் உசாமா கன்னியப்பனை நிறுத்தினார். “சாச்சா, நாளையிலருந்து வர்ல, வீட்லயே இருந்துக்கறேன்றாரு அப்பா. நடக்காம ஒக்காந்துட்டா மறுபடியும் ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிகிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

கன்னியப்பன் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். சொல்லி ஆகிற காரியமா அது. மறுநாள் காலை டேனரிக்குப் போகிற வழியில் வாஹித் பாஷா வீட்டு வாசலில் நின்று, “சும்மா வந்து ஒக்காரு பாய், நடக்கவே வேணாம். நீ இல்லாம எனக்கு கையும் ஓடல காலும் ஓடல” என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த நாள் வாஹித் பாஷா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

கன்னியப்பன் சட்டையைக் கழற்றவில்லை. கம்பியின் பக்கம் போகவில்லை. நேராகப் போய் ஓரத்தில் இருந்த டிரெட்மில்லில் ஏறி, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றார். ஜீவா வாயைத் திறந்தவர், புத்திசாலியாக மூடிக்கொண்டார்.

“இத்த எப்புடி பாய் ஓட்டறது?” என்றார் கன்னியப்பன், பெஞ்சைப் பார்த்து.

“ஒனக்கு இன்னாடா ஆச்சு? வெயிட்டு?”

“அது எங்க போயிடப் போவுது. நீ வந்து சொல்லிக் குடு. எனக்கு பயமா கீது.”

பயம் என்றது நிஜம். பெல்ட் நகர்ந்ததும் அவர் கால் பின்னிக்கொண்டது. வாஹித் பாஷா எழுந்து வந்து திட்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினார், கீழே பார்க்காதே என்றார், கைப்பிடியை விடு என்றார். பக்கத்து மெஷினில் தானும் ஏறிக் காலை எப்படி வைப்பது என்று காட்டினார். காட்டியவர் இறங்கவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கொட்டகையில் பல்சக்கரம் நழுவி மேஸ்திரியின் புதுச்செருப்பு மேல் விழுந்த கதையைக் கன்னியப்பன் ஆரம்பித்தார். விழுந்தது செருப்பு மேல் இல்லை, சாப்பாட்டுத் தூக்கு மேல் என்று வாஹித் பாஷா திருத்தினார். அதில் ஒரு சண்டை. நெஞ்சின் சத்தத்தைக் கேட்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து வாஹித் பாஷாவுக்குச் சந்தேகம் வந்தது. “டேய், நீ ரயில்வே கேட் வரைக்கும் ஓடறவன். எனக்கோசரம் ஆமை மாதிரி நடக்காத. ஸ்பீடு ஏத்திக்க.”

“ஏத்தறேன்” என்று கன்னியப்பன் ஒரு பொத்தானை அழுத்தினார். மெஷின் கீச்சென்றது. பெல்ட் முன்னைவிட மெதுவாகத்தான் நகர்ந்தது.

“எவ்ளோ வெச்சிகிற?” என்று வாஹித் பாஷா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மெஷின் காட்டிய வேக எண்ணின் மேல் விரித்துப் போட்டார்.