அத்தையின் வெள்ளைச் சீலை

மேட்டுப்பாளையத்தில், இப்போது எண்ணெயில் ஓடும் மலைரயில் எஞ்சினின் புகை மூக்கில் ஏறியதும், நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் துடியலூரில், ஸ்டேஷனை ஒட்டிய எங்கள் வேலியோரம், அரை டிராயரோடு நின்றிருந்தேன்.

அன்று எல்லாம் நிலக்கரி எஞ்சின். அதன் கரித்தூள், வேலியில் காயும் அத்தையின் வெள்ளைச் சீலையில் வந்து அப்பும். "ஏனுங்க எஞ்சின்காரரே, சீலையெல்லாம் கரியாக்கிப் போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று மரியாதை குறையாமல் வைவார் அத்தை. "கோவிச்சுக்காதீங்க அம்மணி!" என்று சமாதானத்துக்கு ரெண்டு கட்டி நிலக்கரியை வீசிவிட்டுப் போவார் எஞ்சின்காரர். அதில்தான் எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் வெந்நீர் காய்ந்தது. பிறகு அத்தை அந்தச் சீலையைக் கட்டியதுமில்லை, துவைத்ததுமில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் வேலியில் விரித்துவிட்டு, வைவதற்குத் தயாராக நிற்பார்.

இந்த எண்ணெய் எஞ்சினைக் கண்டிருந்தால், கையில் குடத்தோடு நின்றிருப்பார்.