அடைக்கோழியின் வயிறு

கோம்பை அழகுமலைக்கு இரண்டாந்தாரம் பேசி முடிக்கப் பண்ணைப்புரத்திலிருந்து கோட்டைச்சாமி வந்திருந்தார். பெண்ணைப் பெற்றவர். சேவலை அறுக்கச் சொன்னாள் அழகுமலையின் தாய் ராக்கம்மாள். அறுத்துக் குழம்பு வைக்க வேண்டியவள் அவன் பெண்டாட்டி அன்னத்தாய்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் அவள் பெற்ற ஆண் குழந்தை ஒன்பதாம் நாள் செத்தது. அதே வாரம், பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் ஒரு பெண்ணைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். ராக்கம்மாள்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கிவந்து அன்னத்தாயின் மடியில் போட்டாள். ராமுத்தாய் என்று பெயர் வைத்தார்கள். இப்போது இரண்டரை வயது. இன்னும் இராப்பகல் பாராமல் பால் குடிக்கிறாள்.

இந்த இரண்டரை வருஷமும் அன்னத்தாய் மாதாமாதம் தூரமாகி ஒதுங்கி உட்காரவில்லை. வயிற்றிலும் ஒன்றும் தங்கவில்லை. முதல் வருஷம் சும்மா இருந்த வீடு இரண்டாம் வருஷம் அவளை வறடி, பிள்ளை தங்காத மலடி என்றது. பால் கொடுக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். ராக்கம்மாளுக்கும் தெரியும். ஆண்களிடம் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

அன்னத்தாய் சேவலைத் தொடவில்லை. வாத்து முட்டைகளின் மேல் இருபது நாளாய் அடைகிடந்த கறுப்புக் கோழியை இழுத்து அறுத்தாள். அன்றாடம் முட்டையிடும் வெள்ளைக் கோழியையும் அறுத்தாள். இரண்டின் வயிற்றிலும் இருந்ததை வாழையிலையில் வைத்து, ரத்தக் கையோடு ஆண்கள் நடுவே கொண்டுபோய் வைத்தாள்.

"ஏ புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?" அழகுமலை எழுந்தான்.

"உக்காரு." கோட்டைச்சாமி பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களும் பாருங்க. இது இடுற கோழி."

மஞ்சள் கருக்கள் கொத்தாகக் கிடந்தன. எலுமிச்சை அளவிலிருந்து கடுகு அளவு வரை.

"இது அடைக்கோழி. என்ன இருக்கு?"

தினை தினையாய்ச் சில. சுருங்கித் தோலாய்ப் போனவை இரண்டு மூன்று.

"மலடா இது? போன மாசம் இட்ட கோழி. வாத்து முட்டைய அடியில வச்சீக, அது சூடு குடுத்துச்சு. உள்ள வளர வேண்டியது அம்புட்டும் வத்திப்போச்சு. அடை தெளிஞ்சா திரும்ப இடும். எனக்கும் அதேன். செத்தவ புள்ளைய என் மாருல போட்டதும் நீங்கதேன், வறடிங்கிறதும் நீங்கதேன்."

கோட்டைச்சாமி ராக்கம்மாளைப் பார்த்தார். "என்ன ஆத்தா, நெசமா?"

"பால் குடுக்குறவளுக்குச் சட்டுனு தங்காதுதேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"அப்ப எதுக்கு என்னைய வரச் சொன்னீக? நாளைக்கு எம்மக மடியிலயும் எவ புள்ளையவாச்சும் போட்டுட்டு மூணாவது தேடுவீகளோ?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடையைக் கட்டினார்.

அழகுமலை தாயிடம் சீறினான். "இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அவுகள ஏன் கேக்குற?" என்றாள் அன்னத்தாய். "நீ என்னையக் கேட்டியா? பக்கத்துலதேன படுத்திருந்த?"

சாயங்காலமே ராக்கம்மாள் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். மாரில் தடவினால் பிள்ளை பாலை மறந்துவிடும். அன்னத்தாய் கிண்ணத்தை வாங்கி வாசலில் வீசினாள்.

"ஏண்டி, அப்ப ஒனக்கு எப்பத்தேன் தங்கும்?"

"அவளா மறக்கட்டும், அப்பறம் பாப்போம். ஒங்க மகனுக்கு அவசரம்னா பண்ணைப்புரத்துக்கு நடக்கச் சொல்லுங்க, அத்தை. கோட்டைச்சாமி மாமா அங்கனதேன் போயிருக்காக."

ராமுத்தாய் நாலு வயதை நெருங்கும்வரை குடித்தாள். அந்த வீட்டில் யாரும் அதற்குப் பிறகு அன்னத்தாயை வறடி என்று சொல்லவில்லை.