சுக்கானைக் கையில் தந்த சூசை அண்ணை

சூசை அண்ணை போய்விட்டார். சற்று முன்புதான் அவருடைய மகள் நெடுந்தீவிலிருந்து போன் எடுத்துச் சொன்னாள்...

எழுபதுகளில் குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் பயணிகளை ஏற்றி ஓடிய படகுச் சங்கத்து லோஞ்ச் ஒன்றில் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஓட்டி, நான் டிக்கெட், மரியான் எஞ்சின். ஸ்டாஃப் அவ்வளவுதான்.

மத்தியான ட்ரிப்பில் கடல் அசையாமல் கிடக்கும். சனம் மூட்டைகளில் சாய்ந்து உறங்கிவிடும். வெயிலில் தீவு தண்ணீரை விட்டுச் சற்று மேலே மிதப்பது போல இருக்கும்...

அப்படி ஒரு மத்தியானம் சுக்கானை என் கையில் தந்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து வெற்றிலை மடித்தார். டிக்கெட்காரனுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"நெடுக டிக்கெட்டே கிழிக்கப் போறீர்?"

பிறகு தினமும் கொஞ்ச நேரம். எங்கே கல் இருக்கிறது, எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்... மரியானுக்கும் அப்படியே.

முதலில் மரியான் கப்பல் வேலைக்குப் போனான். அவனுக்கு முன் இருந்த இருவரும் அப்படித்தான் போனார்களாம். ஆட்களைப் பழக்கி வெளியே அனுப்பவா உம்மை வைத்திருக்கிறோம் என்று சங்கத் தலைவர் ஏசினார். நானும் அங்கே நின்றேன்.

அண்ணை குரலை உயர்த்தவில்லை. "பழக்காமல் வச்சிருந்தால், ஒண்டும் தெரியாதவனெல்லோ எங்களோட இருப்பான்."

அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது.

அடுத்த வருடம் எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் படகோட்டி வேலை கிடைத்தது. கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். புதிய எஞ்சின்காரருக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. நானும் போனால் அண்ணை தனியாள்...

ஐந்தாம் நாள், நடுக்கடலில் சொன்னேன். சுக்கான் என் கையில்தான் இருந்தது. அவர் அதை வாங்கவில்லை. தீவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையில் கயிறு கட்டும்போதுதான் பேசினார்.

"நீர் போம். டிக்கெட்டுக்கு வேற ஆளைக் கேக்கிறன். கையெழுத்து வடிவில்லாட்டிலும் பரவாயில்லை... கடலுக்குப் பயப்பிடாத ஆளாப் பாப்பம்."

லீவில் ஒருமுறை பயணியாக ஏறினேன். ஏறியதும் உறங்கிப் போனேன். பாதி வழியில் கண் திறந்தால், நரைத்த தலையோடு புதிய டிக்கெட்காரர் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணை, கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் காட்டியபடி...

நாளை அடக்கம். முதல் லோஞ்சிலேயே வந்துவிடுவேன், அண்ணை.